உறங்கும் விதையை எழுப்பும் முறை

நம் நாட்டுப் பல்லாண்டுப் பூஞ்செடிகளை விதையிலிருந்து வளர்த்தல் குறித்து அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

மதுரை நகரை விட்டு யானைமலைப் பக்கமோ, நாகமலைப் பக்கமோ, திருமங்கலத்துக் கரிசல் பக்கமோ எத்திசையில் புறப்பட்டாலும், முன்னாளில் வரப்புகளிலும் கண்மாய்க் கரைகளிலும் ஆவாரை மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும். போகியன்று காப்புக் கட்டுவதற்கு வேண்டிய ஆவாரம்பூவையும் சிறுபீளையையும் வீட்டுப் பிள்ளைகளே ஒடித்து வந்துவிடுவார்கள். இன்று அதே ஆவாரங்கொத்தைச் சந்தையில் விலை கொடுத்து வாங்குவோர் நம்முள் பலர். வரப்பு ஒடுங்கிவிட்டது, தரிசு மனையாகிவிட்டது, எஞ்சிய இடத்தைச் சீமைக் கருவேல் பிடித்துக்கொண்டது.

"அதற்கென்ன, விதை எடுத்து ஊன்றினால் முளைத்துவிடாதா?" என்று அங்கத்தினர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஊன்றிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றமே அடைந்திருக்கிறார்கள். இதை எழுதுபவனும் அவர்களில் ஒருவன். முதலாண்டு ஒரு மண்தொட்டியில் ஐம்பது ஆவாரை விதைகளைக் கத்தரி விதையைத் தூவுவது போலத் தூவி, நாள் தவறாமல் நீர் தெளித்தேன். முளைத்தவை நான்கோ ஐந்தோதான். மற்றவை சொத்தை என்று தீர்மானித்து, தொட்டி மண்ணைக் கொட்டகையின் பின்புறம் கொட்டிவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்து அந்தக் குப்பைமேட்டில் ஆவாரங்கன்றுகள் தாமாகவே எழுந்து நின்றன. விதையில் குறையில்லை; விதையை அறியாததே குறை என்பது அன்றுதான் விளங்கிற்று. அன்று கற்றதையும், அதன்பின் கற்றதையும் முறைப்படுத்திக் கூறுவதே இப்பாடம்.

1. பயிர் விதையும் காட்டு விதையும்

நெல்லும் பருத்தியும் கத்தரியும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் கையில் வளர்ந்தவை. ஒரே நாளில் முளைத்தவற்றையும் ஒரே சமயத்தில் விளைந்தவற்றையுமே உழவன் அறுத்து, அடுத்த போகத்துக்கு விதையாக எடுத்து வைத்தான். பிந்தி முளைத்தவை களையோடு களையாகப் போயின. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால், பயிர் விதை ஈரம் கண்ட உடனே ஒருங்கே எழும் பழக்கம் பெற்றது.

காட்டு விதைக்கு அப்படி ஒரு காவலன் இல்லை. நம் மதுரைச் சமவெளியின் மழையை எண்ணிப் பாருங்கள். சித்திரையில் ஒரு நாள் இடியும் மின்னலுமாகக் கோடை மழை கொட்டும். அதன்பின் வாரக்கணக்கில் வெயில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே நமக்கு முக்கியமான மழை. சித்திரை மழைக்கு எல்லா விதையும் முளைத்துவிட்டால் வைகாசி வெயிலில் எல்லாக் கன்றும் கருகும். அந்தக் குடியே அவ்விடத்தில் அற்றுப்போம். ஆகவே காட்டுச் செடி தன் விதைகளைப் பல பூட்டுகளால் பூட்டி மண்ணில் இடுகிறது. சில இவ்வாண்டு திறக்கும். சில அடுத்த ஆண்டு. சில அதற்கும் பின். கையிலுள்ள பணம் முழுவதையும் ஒரே சந்தையில் முதலீடு செய்யாத குடும்பத் தலைவனின் விவேகம் இதில் இருக்கிறது.

இதனை விதையுறக்கம் என்பர். உறக்கம் விதையின் நோயன்று, அதன் காப்பு. எவ்விதை எதனால் உறங்குகிறது என்று அறிந்தால், எழுப்பும் வழி எளிதில் புலப்படும். மூன்று வகை விதைகளுக்கு உதாரணமாக மூன்று செடிகளை எடுத்துக்கொள்வோம். மூன்றும் நம் மண்ணுக்குரியவை. மூன்றும் ஒரு பருவத்தோடு மடியாதவை. முதலாவது உழவருக்கும், இரண்டாவது மருந்துப் பயிர் வளர்ப்போருக்கும், மூன்றாவது நெசவாளருக்கும் உரியது எனலாம்.

2. ஆவாரை: தோலால் உறங்கும் விதை

ஆவாரை பூத்திருக்க என்று தொடங்கும் பழமொழியை அறியாதார் இலர். தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஒரு காலத்தில் இதன் பட்டையே பெரிய ஆதாரம். பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆவாரந்தழை நல்ல தழையுரம். ஆடுமாடுகள் இதனை அவ்வளவாக விரும்பிக் கடிப்பதில்லையாதலால், வேலியில்லா வரப்பிலும் பிழைத்து நிற்கும்.

உழவர் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. ஆவாரம்பூவில் தேன் இல்லை. மகரந்தம் மட்டுமே உண்டு. அம்மகரந்தமும் பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் வெளிவரும். கருவண்டு எனப்படும் தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, இறகுத் தசைகளை அதிர்த்து ரீங்காரமிட்டு, துளையிட்ட சிமிழைக் குலுக்குவது போலக் குலுக்கி மகரந்தத்தை உதிர்த்துக்கொள்ளும். கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் இதே அமைப்புடையவை. கூட்டுத் தேனீ இவ்வேலையைச் செய்ய அறியாது. ஆகவே கத்தரியில் பூவில்லாத மாதங்களிலும் கருவண்டுக்கு வரப்பில் உணவு இருந்தால், கத்தரி பூக்கும் காலத்தில் அது தோட்டத்தை விட்டு அகலாது. வரப்பில் நிற்கும் ஆவாரை தோட்டத்துக்குக் கூலி கேளாத வேலையாளை வைத்துக் காப்பாற்றுகிறது.

அடையாளம்: பூ மஞ்சளாயிருப்பதெல்லாம் ஆவாரை அன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பரவித் தொல்லை தரும் அயல்நாட்டு மஞ்சட்கொன்றை வகையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் காது மடல் போன்ற அகன்ற பச்சைச் செதில்கள் இருக்கும். தாவர நூலார் இதற்கு இட்ட ஆரிகுலேட்டா என்ற பெயரும் காதுடையது என்றே பொருள்படும். காது கண்டபின் விதை எடுங்கள்.

விதை எடுத்தல்: காய் தட்டையாய், காகிதம் போல் மெல்லியதாய் இருக்கும். பழுப்பு நிறமாகி, அசைத்தால் சலசலக்கும் போது பறிக்கலாம். பச்சைக் காயைப் பறித்து உலர்த்துவதால் பயனில்லை. வட்டத் துளை உள்ள விதை வண்டு தின்றது; அதை நீக்குக. நீரில் இட்டால் மிதப்பவற்றையும் நீக்கலாம். அவை பெரும்பாலும் பொக்கு.

எழுப்பும் முறை: இவ்விதையின் தோலில் நெருங்கி நின்ற உயிரணுக்கள் ஓர் அடைப்பாக அமைந்து, துளி நீரையும் உள்ளே விடுவதில்லை. தொட்டியில் நான் நாள் தவறாமல் தெளித்த நீர் இத்தோலைத் தாண்டவே இல்லை. ஆராய்ச்சி நிலையங்களில் கந்தக அமிலத்தால் தோலை அரிப்பதுண்டு. அது ஆபத்தானது, வீட்டில் எவரும் முயல வேண்டாம். நமக்கு இரண்டு வழிகள் போதும்.

முதல் வழி வெந்நீர். விதையைப் போல ஐந்து பங்கு நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதிப்பு அடங்கியபின் விதைமேல் ஊற்றி, ஓர் இரவு அப்படியே ஆற விடுக. அடுப்பின் மேலேயே விதையை இட்டுக் கொதிக்க விட்டால் உள்ளிருக்கும் கரு வெந்துபோம். காலையில் பார்த்தால் சில விதைகள் ஊதிப் பருத்திருக்கும். சில பழையபடியே சிறுத்திருக்கும். பருத்தவற்றை அன்றே ஊன்றுக. சிறுத்தவற்றுக்கு மறுமுறை வெந்நீர் இடுக.

இரண்டாம் வழி உரசுதல். சிறிதளவு விதையே இருந்தால், ஒவ்வொன்றையும் உப்புத்தாளிலோ சொரசொரப்பான கல்லிலோ ஒரு புறத்தில் மட்டும், உட்புறம் சற்று வெளுத்துத் தோன்றும் வரை தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊற விடுக. விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பின் பக்கத்தில் தேய்க்கலாகாது. முளைவேர் அங்கேதான் இருக்கிறது. அதற்கு எதிர்ப்புறத்தில் தேய்க்க வேண்டும்.

செம்மண், மணல், மக்கிய எரு ஆகிய மூன்றும் சம பங்கு கலந்த மண்ணில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால், தோல் திறந்த விதைகள் ஓரிரு வாரங்களில் முளைக்கும். ஆணிவேர் வேகமாய் ஆழம் தேடுவதால் தாழ்ந்த தட்டுகளில் வளர்க்காமல் உயரமான பைகளிலோ தொட்டிகளிலோ வளர்த்து, வேர் சுருளுமுன் நடுக. ஆடியில் முளைக்க வைத்த கன்று ஐப்பசி மழைக்கு வரப்பேறத் தயாராயிருக்கும். செடிக்குச் செடி இரண்டு முழம் இடம் விடுக. மழைக்குமுன் புரட்டாசியில் வரப்பிலேயே நேராக விதைப்பதும் உண்டு. அவ்விதம் செய்வோர் பாதி விதையை எழுப்பியும் பாதியை எழுப்பாமலும் கலந்து விதைப்பது நலம். இவ்வாண்டு மழை பொய்த்தாலும் எழுப்பாத பாதி மண்ணில் காத்திருக்கும். செடியின் விவேகத்தை நாமும் சிறிது கடன் வாங்குவதில் தவறில்லை.

இங்கே சீமைக் கருவேலைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டுக்குக் கொணரப்பட்ட அம்மரத்தின் விதையும் கடினத் தோலுடையதே. ஆனால் அதன் இனிய நெற்றை ஆடுமாடுகள் தின்கின்றன. விதை அவற்றின் வயிற்றில் இளகி, எருவோடு விழுந்து, எளிதில் முளைக்கிறது. ஆவாரைக்கு அவ்வூழியம் செய்வோர் இல்லை. சீமைக் கருவேலை அகற்றுமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017 ஆம் ஆண்டில் உத்தரவிட்டதை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆனால் வெட்டி எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால், மண்ணிலுள்ள அதன் விதையே முந்தி எழும். அகற்றிய இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு ஆவாரை ஒரு விடை.

3. செங்காந்தள்: பொறுமையைச் சோதிக்கும் விதை

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லப்படும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதலில் நிற்பது காந்தள். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. கடல் கடந்த ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாடும் இதனையே தன் தேசிய மலராகக் கொண்டிருக்கிறது. கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று நம் பக்கத்தில் பல பெயர். கிழங்கு கலப்பை போல் வளைந்து கவடுபட்டிருப்பதால் கடைசிப் பெயர் வந்தது. இலை நுனியே பற்றுக்கம்பியாய்ச் சுருண்டு அருகிலுள்ள கொம்பைப் பிடித்து ஏறும்.

முதலில் எச்சரிக்கை: இச்செடியின் கிழங்கு, விதை, இலை யாவும் கொடிய நஞ்சு. கிழங்கை உண்டு உயிரிழந்தோர் பலர். பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வளர்த்து, விதையைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். உணவுப் பொருள் வைக்கும் பானையில் இவ்விதையை ஒருபோதும் வைக்கலாகாது.

அந்நஞ்சே மருந்துமாகிறது. விதையிலுள்ள கோல்கிசின் என்னும் பொருள், யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வீங்கும் நோய்க்கு மருந்தாகப் பயன்படுகிறது. செடியின் மரபுத் திரிகளை இரட்டிப்பாக்கும் ஆற்றல் இதற்கு உண்டென்று 1937 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. விதையில்லாத் தர்ப்பூசணி தோன்றியது அதன் பயனாகத்தான். இதனால் திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் பக்கத்திலும், மூலனூர், தாராபுரம் பக்கங்களிலும் உழவர்கள் பந்தலிட்டு இதனைப் பயிராக வளர்க்கிறார்கள். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தப்பைகளை விட்டு விலகி நிற்பதால் காய்ப்பு தானாகச் சரிவர அமைவதில்லை. ஆகவே காலை வேளையில் ஆட்கள் பூவுக்குப் பூ சென்று கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள்.

பயிரிடுவோர் நடுவது கிழங்கையே. இங்கேதான் சங்கடம் இருக்கிறது. ஒரு கிழங்கு ஓராண்டில் பெரும்பாலும் இரு கவடுள்ள ஒரு கிழங்கையே தருகிறது. பெருக்கம் மிக மெதுவானது. நடவுக் கிழங்கின் தேவை ஏறும்போதெல்லாம் வேலியோரத்திலும் மலையடிவாரத்திலும் தானாய் வளர்ந்த கிழங்குகள் தோண்டப்படுகின்றன. கிழங்கைத் தோண்டினால் அவ்விடத்தில் அந்தச் செடியின் கணக்கு முடிந்தது. ஆனால் ஒரு காயிலோ பல பத்து விதைகள் இருக்கின்றன. விதையிலிருந்து கிழங்கு உண்டாக்கும் வழியை நாம் கற்றுக்கொண்டால் காட்டைத் தோண்ட வேண்டியதில்லை.

விதை எடுத்தல்: ஐப்பசி, கார்த்திகையில் பூத்தவை தை, மாசியில் காய் முற்றும். காயின் பச்சை வெளுத்து, தோல் சுருங்கி, வெடிக்கத் தொடங்கும்போது பறித்து நிழலில் உலர்த்துக. உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் உருண்டை விதைகள் வரிசையாய் இருக்கும்.

எழுப்பும் முறை: இவ்விதை வெந்நீருக்கு இணங்குவதன்று. இதன் உறக்கம் தோலில் மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது. பறித்த உடன் ஊன்றினால் பல மாதம் அசையாமல் கிடக்கும். ஆகவே தையில் எடுத்த விதையைத் துணிப்பையில் கட்டி, உலர்ந்த நிழலான இடத்தில் ஆடி வரை வைத்திருக்க வேண்டும். பின்னர் ஓரிரவு சாதாரண நீரில் ஊறவைத்து, சாக்கில் தேய்த்து மேலிருக்கும் செந்நிறத் தோலைக் கழுவி நீக்குக. மணல் மிகுந்த, நீர் தேங்காத மண்ணில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் காக்க வேண்டும். முதல் முளை மூன்று வாரத்தில் தோன்றலாம். மற்றவை மூன்று மாதம் வரை ஒன்றன்பின் ஒன்றாய் வரும். அதுவரை தொட்டியைக் கிளறலாகாது.

முதலாண்டில் நீங்கள் காண்பது சில இலைகள்தான். மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் அவையும் மஞ்சளித்து உதிர்ந்துபோம். "செத்துவிட்டது" என்று தொட்டியைக் கவிழ்ப்பவர் இவ்விடத்தில்தான் தோற்கிறார். மண்ணுக்குள் பட்டாணியளவு கிழங்கு ஒன்று உருவாகியிருக்கும். அதுவே முதலாண்டு வருமானம். கோடை முழுவதும் நீர் விடாமல், தொட்டியை மழை படாத நிழலில் வைத்துவிடுக. ஆனியில் மீண்டும் நீர் காட்டினால் முன்னைவிடப் பருத்த தண்டு எழும். இவ்வாறு மூன்று நான்கு ஆண்டு கழிந்தபின்னரே பூ.

4. சாயவேர்: பொடியினும் பொடியான விதை

நெசவாள அங்கத்தினர்கள் இப்பகுதியைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். இம்பூறல் என்று சித்த வைத்தியர் வழங்கும் சிறு பூண்டே சாயவேர்ச் செடி. மணற்பாங்கான நிலத்தில் தரையோடு தரையாய்ப் படர்ந்து, வெள்ளைப் பொட்டுகள் போல் பூக்கும். மிதித்துக்கொண்டு போவோமே ஒழிய நின்று பார்க்க மாட்டோம். ஆயினும் சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்பு உலகெங்கும் புகழ் பெற்றது இந்த வேரினால்தான். யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தர் அங்குக் கிடைத்த வேரைத் தம் வாணிகத்துக்கென்று கட்டுப்படுத்தி வைத்திருந்தனர்.

நூலை எண்ணெயிலும் காரச்சாம்பல் நீரிலும் பலமுறை தோய்த்து உலர்த்தி, கடுக்காயும் படிகாரமும் ஊட்டி, வேரை இட்டுக் காய்ச்சினால் மங்காத சிவப்பு பிடிக்கும். மதுரைச் சாயக்காரர்கள் வைகை நீருக்கே இச்சிவப்பைப் பொலிவிக்கும் தனித்தன்மை உண்டென்று நம்பினார்கள். 1868 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற இரு ரசாயன அறிஞர்கள், சிவப்புச் சாயவேர்களில் உள்ள அலிசரின் என்ற பொருளைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். சில ஆண்டுகளில் அது டப்பாவில் அடைத்து வந்திறங்கியது. அதன்பின் வேரின் வாணிகம் தேய்ந்தது. வேரை விளைவிப்பாரும் அருகினர்.

மதுரைச் சுங்குடிக்கு 2005 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சின் முறையை நாம் காத்துக்கொண்டோம். நிறம் பிறந்த செடியை மறந்தோம். நம் சங்கத்தின் நூல் முழுவதையும் வேரால் தோய்க்க இயலும் என்று சொல்வது வீண்பேச்சு. அத்தனை வேருக்கு நிலமும் இல்லை, கூலியும் கட்டாது. ஆனால் ஒரு பாத்தி சாயவேர் வளர்த்து, ஒரு சிட்டம் நூலேனும் தோய்த்துப் பார்த்த கை நம் சங்கத்தில் இருக்க வேண்டாமா? வேரைப் பிடுங்கினால் செடி முடிந்தது. ஆகவே இச்செடிக்கு விதையே வாழ்வு.

விதை எடுத்தல்: காய் கடுகினும் சிறியது. அதனுள்ளிருக்கும் விதை தூசி போன்றது. காய்கள் பழுப்பாகும் சமயத்தில் செடியின் அடியில் நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணியை விரித்து, மெல்லத் தட்டினால் விதை துணியில் விழும். காற்றில்லாத காலை வேளையில் செய்க.

எழுப்பும் முறை: இத்தகைய நுண்விதைக்குள் சேமித்த உணவு மிகக் குறைவு. ஆழத்தில் புதைத்தால் மேலே வருமுன் அதன் பலம் தீர்ந்துவிடும். ஆகவே மூடவே கூடாது. இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், சிறிது சலித்த எரு கலந்து தொட்டியை நிரப்பி, மேல்மண்ணைத் தட்டிச் சமன் செய்து கொள்க. விதையைப் பத்து மடங்கு உலர்மணலோடு கலந்து, திருநீறு தூவுவது போல் பரவலாகத் தூவுக. மேலிருந்து நீர் ஊற்றினால் விதை ஒரு மூலையில் ஒதுங்கிப்போம். தொட்டியை நீருள்ள தாம்பாளத்தில் வைத்து, அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்க. வாயில் ஒரு மெல்லிய துணியைக் கட்டி, வெளிச்சம் விழும் நிழலில் வைத்து, முளை தோன்றியதும் துணியை அகற்றுக. நான்கு இலை வந்தபின் மணற்பாங்கான பாத்தியில் நடலாம். வேர் முதிர்ந்து நிறம் ஏற இரண்டு ஆண்டு விட வேண்டும். பாத்தியில் நாலில் ஒரு பங்குச் செடியை எக்காலத்தும் பிடுங்காமல் விதைக்கென்றே விடுக.

5. விதை சோதித்தல்

எவ்விதையாயினும் முழுவதும் விதைக்குமுன் சோதிப்பது நலம். தறியடியில் கிடக்கும் கழிவுத் துணி இதற்குப் போதும். துணியை நனைத்துப் பிழிந்து, எழுப்பும் முறை முடிந்த இருபது ஆவாரை விதைகளை அதில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஒரு மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கவும். பத்து நாளில் பன்னிரண்டு முளைத்தால் நூற்றுக்கு அறுபது என்று கணக்கு. நூறு கன்று வேண்டுமானால் நூற்று எழுபது விதையாவது ஊன்ற வேண்டும் என்று இதனால் தெரியும். முளைக்காத எட்டில், அழுத்தினால் நசுங்குபவை செத்தவை. கல்போல் இருப்பவை உறங்குபவை. உறங்குபவற்றை எறியாதீர்கள்.

6. எடுப்பதில் ஒழுங்கு

விதை சேர்ப்பதும் ஒருவகை அறுவடையே. வேலியில் நிற்கும் ஒரே செடியை மொட்டையடித்துவிட்டு அதைக் காப்பாற்றினோம் என்று சொல்லலாகாது. பத்துக் காயில் ஒன்றிரண்டு எடுத்தால் போதும். ஒரே செடியில் எடுக்காமல் பல செடிகளில் சிறிது சிறிதாக எடுப்பது சந்ததிக்கு வலிமை தரும். அழகர்மலை, சிறுமலை முதலிய காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் எடுத்தல் சட்டப்படி குற்றம். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி, 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குச் சென்று கண்டு வரலாம், கை வைக்கலாகாது. நம் சொந்த வரப்பும், உரிமையாளர் இசைந்த தரிசுமே நாம் விதை எடுக்கும் இடங்கள். போகிக்குக் கொத்து ஒடிப்போரும், கிளை முழுவதையும் முறிக்காமல் நுனியை மட்டும் கத்தரித்து, ஒவ்வொரு செடியிலும் சில கொத்துகளைக் காய்க்க விடுவார்களாக.

7. சங்கம் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றுள் ஆவாரைக்கு ஒரு பருவம் போதும். சாயவேருக்கு இரண்டு ஆண்டு வேண்டும். செங்காந்தளுக்கு மூன்று நான்கு ஆண்டு. அன்றாடம் நெய்து அன்றாடம் உண்ணும் குடும்பமும், இந்தப் போகத்தை நம்பி அடுத்த போகத்துக்குக் கடன் வாங்கும் உழவரும், பூக்காத தொட்டியை நான்கு ஆண்டு காத்திருக்க இயலாமல் கைவிட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தனி மனிதனால் காத்திருக்க முடியாத காலத்தை, சேர்ந்து நிற்பவர்களால் காத்திருக்க முடியும். கூட்டுறவின் பொருளே அதுதான். பங்குத்தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்த்தல்லவா நாம் மூலதனம் கண்டோம்? நாள்களையும் அவ்வாறே சேர்க்கலாம்.

ஆகவே அங்கத்தினர்களின் ஆலோசனைக்கு மூன்று யோசனைகள். முதலாவது, சங்கக் கட்டிடத்தின் பின்புறம் நிழலுள்ள ஓரிடத்தில் பொது நாற்றங்கால் ஒன்று அமைத்து, முறை வைத்து நீர் விடுவது. இரண்டாவது, எந்த வரப்பில், எந்த மாதத்தில், எந்த விதை எடுக்கப்பட்டது, எத்தனை முளைத்தது என்று ஒரு பேரேடு எழுதி வருவது. நமது நிலத்துக்கும் மழைக்கும் ஏற்ற கணக்கு அதிலிருந்தே பிறக்கும். மூன்றாவது, விதையைக் கடனாகக் கொடுத்து விதையாகவே திரும்பப் பெறுவது. ஒரு பிடி ஆவாரை விதை வாங்கியவர், செடி காய்த்த ஆண்டில் இரு பிடி தருவாராக. நம் முன்னோர் விதை நெல்லில் கண்ட வழக்கம் இது.

இவ்வாண்டு மாசிக்குள் வரப்பில் நிற்கும் ஆவாரையில் முற்றிய காய் ஒரு பிடியேனும் எடுத்து, உலர்ந்த கலயத்தில் வேப்பிலையிட்டு வையுங்கள். ஆடி பிறந்ததும் வெந்நீர் வைப்போம்.

பயிற்சி வினாக்கள்

1. பயிர் விதை ஒருங்கே முளைப்பதும் காட்டு விதை பிந்திப் பிந்தி முளைப்பதும் எக்காரணத்தால்?

2. ஆவாரை விதையை எந்தப் பக்கத்தில் உரச வேண்டும்? ஏன்?

3. செங்காந்தளின் இலை முதற்கோடையில் உதிர்ந்தபின் தொட்டியை என்ன செய்ய வேண்டும்?

4. சாயவேர் விதையை மண்ணால் மூடலாகாது என்பது ஏன்?

5. உங்கள் வரப்பில் இன்று நிற்கும் பல்லாண்டுப் பூஞ்செடிகள் எவை? உங்கள் தந்தையார் காலத்தில் நின்றவை எவை? இரண்டு பட்டியலையும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருக.